சரளை முசியேயோட திராட்சத் தோட்டம்

புதுச்சேரி பூரா சல்லடை போட்டுத் தேடுனாலும், நல்ல ரோட்டப் பாத்துக் காறித் துப்புற மனுசன் ஒருத்தருதான் கெடைப்பாரு. அவரு எங்க முதலியார்பேட்டையில, எங்க வூட்டுக்கு நாலு வூடு தள்ளி இருந்தாரு. தெருவே ஒண்ணு சேந்து சர்க்காருக்கு மனு போட்டுச்சு, "எங்க தெருவுக்குத் தார் போடுங்க"ன்னு. இவரு தனியா ஒரு மனு போட்டாரு, "தயவு செஞ்சு போடாதீங்க"ன்னு. ரெண்டுக்கும் ஒரே பதிலுதான் வந்துச்சு: ஆலோசிக்கிறோம். இன்னைக்கு வரைக்கும் ஆலோசிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. தான் ஜெயிச்சுட்டதா அவருக்கு நெனப்பு.

அவரு ஞானஸ்நானப் பேரு கோயிலு புஸ்தகத்துல இருக்கும், போய்ப் பாத்துக்குங்க. எங்களுக்கு அவரு சரளை முசியே. கால்சட்டை போட்டு தொப்பி வெச்சவன் எல்லாரும் எங்க ஊருல முசியேதான். சரளைங்கறது அவரு சம்பாதிச்ச பட்டம். பெரிய சண்டையப்போ பிரான்சு தேசத்துக்குப் போன சொல்தா, அதான் பட்டாளத்துக்காரரு. அங்க சைக்கிள்ல கடுதாசி கொண்டுபோற வேலை. பட்டாளத்த விட்டு வந்தும் சைக்கிள விடல. செம்மண்ணு, சரளைக் கல்லு, வண்டித் தடம், ஆத்து மணலு, இதுல எல்லாம் எலும்பு குலுங்க ஓட்டுறதுதான் அவருக்குப் பக்தி, வைத்தியம், சம்சாரம் எல்லாம்.

"தார் ரோட்டுல போறவன் பாதி தூக்கத்துல போறான்டா. சரளையில போறவனுக்குக் குடலு கூட முழிச்சுக்கிட்டு இருக்கும்."

"எனக்குக் குடலு தூங்குனா பரவால்ல முசியே. முதுகுதான் தூங்கணும்"னுவேன் நானு.

தெருவுல யாருக்கு என்னா சீக்குன்னாலும் ஒரு ரூட்டு எழுதிக் குடுப்பாரு. சளிக்குக் கோரிமேட்டு மேடு. மலச்சிக்கலுக்கு வில்லியனூரு ஆத்தங்கரை. ஒருத்தருக்குப் பல்லு வலின்னு வந்தாரு. பாகூரு ஏரிக்கரை ரூட்டு எழுதிக் குடுத்தாரு. பாதி வழியிலயே பல்லு விழுந்துடுச்சு. வைத்தியம் பலிச்சுதுன்னு முசியே மூணு நாளு மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சாரு.

என்னப் பத்தியும் ஒரு வார்த்த. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல செர்த்திபிகா பரீட்சையில மூணு தரம் குப்புற விழுந்தவன் நானு. மூணாவது தரம் வாத்தியாரே வந்து, "போதும்டா, எனக்கும் வயசாவுது"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அப்புறம் அக்கா புருசன் சைக்கிள எடுத்துக்கிட்டு ஊரு சுத்துறதுதான் உத்தியோகம். சும்மா காத்து அடிக்கிறவன்னு முசியே எனக்கு பம்ப்புன்னு பேரு வெச்சாரு. நாலு தெருவும் அதைப் புடிச்சுக்கிச்சு.

அவரோட ரூட்டுல எல்லாம் ராஜா ரூட்டு ஒண்ணு இருக்கு. ஊருல கெளம்பி, வில்லியனூரு ஆத்தங்கரையோரமா போயி, முந்திரித் தோப்புக்குள்ள பூந்து, திருக்கனூருகிட்ட அவரு தங்கச்சி தெரேசம்மா வூட்டு வாசல்ல எறங்கணும். பிரான்சுல அவரு ஓட்டுன ரூட்டுலயும் ஆறு, காடு, திராட்சத் தோட்டம் உண்டாம். இங்க ஆறு இருக்கு, தண்ணிதான் இல்ல. காடு இருக்கு, ஆனா அங்க ஒரு காவக்காரன் கம்பு வெச்சுக்கிட்டு, "முந்திரிக்கொட்டை திருட வந்தியா?"ன்னு தொரத்துவான். முசியே தொப்பியக் கழட்டி, "அழகான காடு!"ன்னு அவனுக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு இன்னும் வேகமா மிதிப்பாரு. திராட்சத் தோட்டத்துக்கு மட்டும் வழி கெடைக்கல. தங்கச்சி வூட்டுக் கொல்லையில மூணு தரம் கொடி வெச்சாரு. மூணு தரமும் தெரேசம்மா வளத்த ஆடு தின்னுடுச்சு. மூணாவது தரம் ஆட்டுக்கே ருசி புடிச்சுப்போயி, முசியே சைக்கிளு சத்தம் கேட்டாலே ஓடியாந்து நிக்கும்.

இந்த ரூட்டுல பெரிய வேடிக்கை நடுவுல இருக்கு. எங்க பிரெஞ்சு சர்க்காரு நிலம் ஒரே துண்டா இருக்காது, தையக்காரன் வெட்டிப் போட்ட துணியாட்டம் அங்கங்க கெடக்கும். வில்லியனூரு நம்மது. திருக்கனூரு நம்மது. நடுவுல ஒரு முக்கா மைலு இங்கிலீஷ்காரன் நிலம். அந்த முக்கா மைலுக்கு ஒரு மூங்கி தடுப்பு, ஒரு சுங்கச் சாவடி, ஒரு நாயுடு. நாயுடு சேவகரு. உள்ள ஒரு ஐயா உண்டு, அந்த ஐயா எப்பவும் சாப்பிடப் போயிருப்பாரு.

"பிரெஞ்சு சைக்கிளு வெளிதேசத்துச் சரக்கு. புக்குல ஏத்தணும். ஐயா வரட்டும், ஒக்காரு"ன்னுவாரு நாயுடு.

"எப்ப வருவாரு?"

"இப்பத்தான் எல போட்டிருக்காங்க."

அந்த எலையில என்னதான் போடுவாங்களோ, ஐயா வரதுக்குள்ள பொழுது பாதி போயிடும். திரும்பி வரப்போ மறுபடி புக்கு, மறுபடி எல.

ஒரு நாளு அப்பிடி ஒக்காந்திருந்தப்போ, வைக்கோலு கட்டத் தலையில தூக்கிக்கிட்டு ஒரு பொம்பள வந்துச்சு. நாயுடு தலையக்கூட நிமுத்தல, தடுப்பத் தூக்கிவுட்டாரு.

முசியேக்குக் காது ரெண்டும் செவந்துபோச்சு. "யோவ் நாயுடு, அந்தம்மாவ ஏன்யா வுட்ட? வைக்கோலு எந்த ஊரு வைக்கோலு?"

"அது தலைச்சுமைய்யா. தலைச்சுமைக்குப் புக்கு கெடையாது."

முசியே எழுந்தாரு. துண்ட எடுத்து சும்மாடு கோலுனாரு. தொப்பிய அது மேல வெச்சாரு. சைக்கிளத் தூக்கித் தொப்பி மேல வெச்சாரு. ரெண்டு சக்கரமும் ரெண்டு பக்கம் தொங்க, நேரா தடுப்புகிட்டப் போயி நின்னாரு.

"தொறய்யா."

"என்னாய்யா இது?"

"தலைச்சுமை. உருட்டுனா வண்டி, தூக்குனா சுமை. இதோட சக்கரம் உங்க மண்ணுல படுதா பாரு. படலன்னா இது உங்க தேசத்துக்குள்ள வரவே இல்ல."

நாயுடு புக்க எடுத்துப் புரட்டிப் பாத்தாரு. அதுல சைக்கிளு பேரு இருந்துச்சு, தலை பேரு இல்ல. தடுப்பத் தூக்கிவுட்டுட்டாரு.

நான் மட்டும் ரோசக்காரன் ஆச்சே. "நான் என்னா கழுதையா, சுமக்கறதுக்கு?"ன்னு அங்கயே ஒக்காந்துட்டேன். ஐயா எலய மடிச்சு, வெத்தல போட்டு, ஒரு கொட்டாவி வுட்டு, என் சைக்கிளப் புக்குல ஏத்தி முடிக்கறதுக்குள்ள சூரியன் சாஞ்சிடுச்சு. திருக்கனூரு போயிப் பாத்தா எனக்குன்னு வெச்சிருந்த மீன் கொழம்பையும் முசியே வழிச்சு நக்கியிருந்தாரு. அடுத்த வாட்டியிலேர்ந்து நானும் சும்மாடு கட்டிட்டேன். முக்கா மைலு. கிலோமேத்ர விட மைலு எவ்ளோ நீளம்னு கழுத்துக்குத்தான் தெரியும்.

இப்பிடி ஓடிக்கிட்டு இருந்தப்போதான் ஒரு ஆடி மாசம், முசியே கையில ஒரு கடுதாசியோட எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னாரு. மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருந்துச்சு.

"பம்ப்பு, பியேரு வரான்டா."

பியேரு பட்டாளத்துல அவரோட சேந்து சைக்கிள் ஓட்டுன வெள்ளக்காரன். அங்க மத்த சோல்ஜருங்க எல்லாம், "உங்க ஊருல ரோடு இருக்குதா? சக்கரம்னா தெரியுமா?"ன்னு இவரக் கிண்டல் பண்ணுவாங்களாம். பியேரு மட்டும் இவரத் தன் அப்பன் திராட்சத் தோட்டத்துக்குக் கூட்டிப்போயி, ஒரு கொத்த அறுத்துக் கையில குடுத்தானாம். கிண்டல்ல நொந்திருந்த மனுசன், கொத்தக் கையில வாங்கிக்கிட்டு, "எங்க ஊருலயும் இதே மாதிரி ரூட்டு இருக்கு. ஆறு, காடு, கடைசியில எங்க வூட்டுத் திராட்சத் தோட்டம்"னு அள்ளி வுட்டுட்டாரு.

"சரி, ஒரு பொய்யிதானே முசியே"ன்னேன்.

"ஒரு பொய்யின்னா பரவால்லடா. வருஷா வருஷம் கடுதாசி எழுதிட்டேன். அறுப்பு எப்பிடி, கொத்து எவ்ளோ பெருசு, எல்லாம். ஒரு வருஷம் மழை ஜாஸ்தி, பயிரு அழிஞ்சுடுச்சுன்னு கூட எழுதுனேன்."

"அது எதுக்கு?"

"எல்லா வருஷமும் நல்லா வெளையுதுன்னா நம்ப மாட்டானேடா!"

இல்லாத தோட்டத்துல இல்லாத பயிர மழையில அழிச்ச மனுசன நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நான் பாத்திருக்கேன்.

சைகோனுக்கு வேலைக்குப் போறேன், கப்பலு ரெண்டு நாளு புதுச்சேரியில நிக்கும், அதுல ஒரு நாளு உன் ரூட்டுல ஓட்டணும், உன் தோட்டத்துல கொத்து அறுத்துத் திங்கணும்னு பியேரு எழுதியிருந்தான். கப்பலு வர இன்னும் நாலே நாளு.

"காலு சுளுக்கின்னு சொல்லிடுங்க முசியே."

அவரு தலைய ஆட்டுனாரு. "அந்தப் பட்டாளம் முழுக்க என்ன மனுசன்னு மதிச்சவன் அவன் ஒருத்தன்தான்டா. அவன் முன்னால பொய்யன்னு நிக்கச் சொல்றியா?"

அவரு அப்பிடிக் கொரலு எறங்கிப் பேசி அன்னைக்குத்தான் கேட்டேன். எனக்குக் கிண்டலு வரல. அது எனக்கே புதுசா இருந்துச்சு. அதனால மூளைய உபயோகிச்சுட்டேன்.

"தங்கச்சி கொல்லையில புடலம் பந்தல் இருக்குல்ல? எலையப் பாத்தா திராட்ச எல மாதிரிதான் இருக்கும். கறுப்புத் திராட்சைக்கு நாவப்பழம். தோப்புல கொட்டிக் கெடக்கு."

முசியே என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. மூணு தரம் பரீட்சையில விழுந்தவன் மூளைய நம்பலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும் அவரு.

பியேரு வரதுக்கு மொத நாளு பகல்ல திருக்கனூரு போயி வேலைய ஆரம்பிச்சோம். தெரேசம்மா இடுப்புல கை வெச்சுக்கிட்டு, "பிஞ்சும் காயுமா தொங்குது. இதை எல்லாம் அறுக்கணும்னா எவ வயிறு எரியாது?"ன்னு சத்தம் போட்டுச்சு.

"உங்கண்ணன் மானம்மா"ன்னேன்.

"அவருக்கு மானம் போவட்டும், எனக்குக் கொழம்புக்குக் காயி வேணும்"னுச்சு. ஆனா சொல்லிக்கிட்டே அருவாமனையக் கொண்டாந்து குடுத்துச்சு. நேரா வளரணும்னு ஒவ்வொரு புடலங்கா நுனியிலயும் கல்லு கட்டித் தொங்கவுட்டிருந்துச்சு, நம்ம ஊரு வழக்கப்படி. எல்லாத்தையும் அறுத்து எறக்குனோம். நாவப்பழத்தக் கொத்துக் கொத்தா வாழை நாருல கட்டித் தொங்கவுட்டோம். தூரத்துலேர்ந்து பாத்தா, சத்தியமா சொல்றேன், எனக்கே வாயி ஊறுச்சு. ஆட்ட மட்டும் பக்கத்து வூட்டுல கட்டிப் போட்டோம்.

மறுநாளு காலையில பியேரு வந்தான். மீச ஒரு பக்கம் வரும், தொப்ப இன்னொரு பக்கம் வரும், ஆளு நடுவுல வருவான். அவன் ஏறுனதும் வாடகை சைக்கிளு ஒரு பெருமூச்சு வுட்டுச்சு. ஆனா சரளையில எறங்குனானே பாக்கணும்! சின்னப் புள்ளையாட்டம் கத்திக்கிட்டே ஓட்டுறான். காஞ்ச ஆத்தப் பாத்து, "அழகான ஆறு!" காவக்காரன் கம்போட தொரத்துறான், "அழகான காடு!" முசியே என்னப் பாத்துக் கண்ணடிச்சாரு.

சாவடி வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் வழக்கம் போல சும்மாடு கோலுனோம். நாயுடு பியேரப் பாத்தாரு. வெள்ளத் தோலப் பாத்ததும் தானா எழுந்து நின்னுச்சு அவரு ஒடம்பு. ஒரு சலாம் போட்டு, தடுப்ப வானம் வரைக்கும் தூக்கிவுட்டாரு.

"தொர போவலாம். தொர ஓட்டிக்கிட்டே போவலாம்."

"தொர சைக்கிளு வெளிதேசத்துச் சரக்கு இல்லையா நாயுடு?"ன்னேன்.

"தொரையே வெளிதேசம்டா. அவுருக்குப் போயி எவன் புக்கு போடுவான்?"

பியேருக்கு ஒண்ணும் புரியல. "நீங்க ஏன் தூக்குறீங்க?"ன்னு முசியேவக் கேட்டான். முசியே பிரெஞ்சுல வெவரம் சொன்னாரு. சொல்லி முடிக்கறதுக்குள்ள பியேரு மூஞ்சி பீட்ரூட்டு ஆயிடுச்சு. சைக்கிள விட்டு எறங்குனான். சட்டையக் கழட்டி, முசியே மாதிரியே சுருட்டி, தலையில வெச்சு, சைக்கிளத் தூக்கி மேல ஏத்திக்கிட்டான்.

நாயுடு அலறுனாரு. "தொர, வேணாம் தொர! என் வேலைக்கு ஒல வெச்சுடாதீங்க!"

அந்தச் சத்தத்துல, எந்தக் காலத்துலயும் எலைய விட்டு எழுந்திரிக்காத ஐயா, எச்சிக் கையோட வெளிய ஓடியாந்தாரு. பனியனோட ஒரு வெள்ளக்காரன் தலைச்சுமை தூக்கிக்கிட்டு அவரு எல்லைக்குள்ள நடந்து போறான். "இதை எந்தக் கணக்குலடா எழுதுறது?"ன்னு நாயுடுவக் கேட்டாரு. "வைக்கோலுன்னு எழுதிடலாங்க"ன்னாரு நாயுடு.

முக்கா மைலு. மூணு பேரு, மூணு சைக்கிளு. பியேரு நடுவுல ரெண்டு தரம் தள்ளாடுனான், ஆனா எறக்கல. முசியே கண்ணு கலங்கியிருந்துச்சு. சும்மாடு எறங்கிக் கண்ண மறைக்குதுன்னு சொன்னாரு.

தெரேசம்மா கொல்லைக்கு வந்தோம். பந்தல் பச்சப் பசேல்னு நிக்குது, கறுப்புக் கொத்து தொங்குது. பியேரு தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டான். ஒரு பழத்தப் பறிச்சு வாயில போட்டான். மென்னான். அப்புறம் ஒரு கொட்டைய எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பாத்தான்.

"கொட்ட பெருசு."

"இந்த மண்ணு அப்பிடி"ன்னாரு முசியே.

பியேரு இன்னொண்ணு தின்னான். நாக்கு ஊதா ஆயிடுச்சு. "துவர்ப்பு இருக்கு."

"கடல் காத்து."

தப்பிச்சுட்டோம்னுதான் நெனச்சேன். நல்லா பழுத்த கொத்து உள்ள இருக்கும்னு பியேரு ஒரு அடி உள்ள எடுத்து வெச்சான். மடேர்னு ஒரு சத்தம். நெத்தியப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே ஒக்காந்துட்டான். எல மறைவுல நாங்க பாக்காம வுட்ட ஒரே ஒரு புடலங்கா, மூணு முழ நீளத்துக்கு, நுனியில கட்டுன கல்லோட ஊஞ்சலு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

பியேரு ஆடுற கல்லப் பாத்தான். கல்லுக்கு மேல காயப் பாத்தான். வாழை நாரு முடிச்சு ஒண்ணப் புடிச்சு இழுத்தான். நாவப்பழம் பொலபொலன்னு அவன் மடியில கொட்டுச்சு.

முசியே வாய்க்கா வரப்புல ஒக்காந்துட்டாரு. தொப்பியக் கையில வெச்சுத் திருகிக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாரு. தோட்டம் பொய்யி, அறுப்பு பொய்யி, கொத்தோட அளவு பொய்யி. எனக்குப் பிரெஞ்சு அரைகொறதான், ஆனா அன்னைக்கு ஒரு வார்த்த விடாம புரிஞ்சுது.

பியேரு கேட்டுக்கிட்டே இருந்தான். நெத்தி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிக்கிட்டு வருது. கடைசியில மெதுவா கேட்டான்.

"மழையில பயிரு அழிஞ்ச வருஷம்? அதுவும் பொய்யா?"

"அதுவும்தான்."

எழுந்தான் பாருங்க. அது வரைக்கும் வராத கோவம் வந்துச்சு. "பாவி! அந்தக் கடுதாசியப் படிச்சுட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல! கோயிலுக்குப் போயி மாதா முன்னால மெழுகுவத்தி ஏத்துனேன், உன் தோட்டத்துக்காக! இம்மாம் பெரிய மெழுகுவத்தி!"

தெரேசம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. "என்னாவாம் அவுருக்கு?"ன்னு என்னக் கேட்டுச்சு.

"உங்க புடலம் பந்தலுக்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனாராம்."

"அதான் அந்த வருஷம் அப்பிடிக் காச்சுதா!"ன்னு தெரேசம்மா பியேரப் பாத்துக் கும்புட்டுச்சு. அதை நான் பியேருக்கு எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல சொன்னேன். அவன் என்ன ஒரு தரம் பாத்தான், பந்தல ஒரு தரம் பாத்தான், சிரிக்க ஆரம்பிச்சான். தொப்ப குலுங்குது, மீச குலுங்குது, பந்தலே குலுங்குது. முசியேவ வரப்புலேர்ந்து இழுத்துத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கிட்டான். மத்தியானம் அவன இடிச்ச புடலங்காயையே கூட்டு வெச்சாங்க. மூணு தரம் வாங்கித் தின்னான். திரும்பி வரப்போ நாயுடு எங்களப் பாத்ததும் தடுப்பத் தூக்கிவுட்டுட்டு உள்ள ஓடிப்போயி ஒளிஞ்சுக்கிட்டாரு.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் சைகோன்லேர்ந்து ஒரு கடுதாசி வரும். ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: "இந்த வருஷம் திராட்ச எப்பிடி?" முசியே கூச்சமே படாம பதிலு எழுதுவாரு: "அமோகம். கொத்துக்குக் கல்லு கட்டியிருக்கோம்."

போன மார்கழியில முசியே போயிட்டாரு. கல்லறைக்குப் போற ரோட்டுக்குப் புதுசா தார் போட்டிருந்தாங்க. அவருக்கு மட்டும் பாக்கக் கண்ணு இருந்திருந்தா, எழுந்து எறங்கி ஓரமா நடந்தே வந்திருப்பாரு. கோயிலு வண்டி வந்து நின்னுச்சு. நாங்க வேணாம்னுட்டோம். தூக்கிக்கிட்டே போனோம்.

நான் இப்பவும் திருக்கனூரு போறேன். எனக்குச் சர்க்காரு பர்மிட்டு கூட ஆயிடுச்சு, உருட்டிக்கிட்டே போவலாம். போன வாரம் சாவடியில நின்னு சும்மாடு கோலிக்கிட்டு இருந்தேன். நாயுடு கேட்டாரு, "பர்மிட்டு வெச்சிருக்க, அப்புறம் ஏண்டா தூக்குற?"

"கழுத்து சும்மா இருக்க மாட்டேங்குது நாயுடு"ன்னேன். அவரு தடுப்பத் தூக்கிவுட்டுட்டு, எழுந்து நின்னுட்டாரு.

இந்த வருஷக் கடுதாசியும் சைகோன்லேர்ந்து வந்துடுச்சு. தெரேசம்மா அதை எங்கிட்ட குடுத்துச்சு. செத்துப்போயிட்டாருன்னு பிரெஞ்சுல எழுத எனக்குத் தெரியும், அந்த அளவுக்குப் படிச்சிருக்கேன். நாலு தரம் பேனாவ எடுத்தேன், அந்த வார்த்த மட்டும் எழுத வரல. கடைசியில ஒரு வரி எழுதி, கீழ பம்ப்புன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புனேன்.

"இந்த வருஷம் மழை ரொம்ப ஜாஸ்தி. பயிரு போச்சு."

பியேருக்குப் புரியும். ஒரு மெழுகுவத்தி ஏத்துவான், இம்மாம் பெருசா.